பதினொரு அடி நாலு அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "எனக்கென்ன குறை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் "ம்" கொட்டுகிறீர்கள் என்றுதான் கடிதத்துக்கு மாறினோம். ஆகவே இதற்கு முழுசாக ஒரு பக்கம் பதில் வர வேண்டும். "உன் கடிதம் கிடைத்தது, சந்தோஷம்" என்று முடித்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விஷயம் இதுதான். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் ரிடையர் ஆனதற்கும் நான் ஊருக்கு வரவில்லை, ஒன்றும் வாங்கித் தரவில்லை. எங்கள் ஆடியோ கடையில் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சாதனம் சலுகையில் கிடைக்கும். நான் சர்வீஸ் பிரிவில் இருப்பதால் எது ரிப்பேருக்குத் திரும்பி வரும், எது வராது என்று எனக்கு அத்துப்படி. உயர்ந்த ரகமாகவே ஒன்று வாங்கப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது. எது வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு.

மூன்று பேரைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். முதல் ஆள் தடியன். இருபத்து நாலு கிலோ, உள்ளே பாதி இடம் டிரான்ஸ்ஃபார்மருக்கே. சத்தம் அவ்வளவு நிறைவாக இருக்கும், ஆனால் சூடு ஏறும். டிஜிட்டல் சமாச்சாரம் பேருக்கு ஒரு துளை, அவ்வளவுதான். இரண்டாவது ஒல்லி. இன்டர்நெட் ரேடியோ, போனிலிருந்து பாட்டு, டிவி இணைப்பு, முகப்பில் பெரிய திரை, சகலமும் உண்டு. எல்லாம் ஒரே போர்டில் இருப்பதுதான் வம்பு. ஐந்து வருஷம் கழித்து கம்பெனிக்காரன் மென்பொருளைக் கைவிட்டால் திரை வெறும் கண்ணாடி. மூன்றாவது மாப்பிள்ளை. வெள்ளி முகப்பு, பார்க்க ஒரே மினுக்கு, ஆனால் விஷயமுள்ள ஆள். டிஜிட்டல் பகுதி தனி அட்டையாக இருக்கிறது. பழசானால் கழற்றிவிட்டுப் புதுசு செருகலாம். கூடவே ஒரு சின்ன மைக் தருகிறார்கள். அதை அறையில் வைத்தால் ஆம்ப்ளிஃபயரே சில சத்தங்களை எழுப்பிக் கேட்டு, சுவரும் மூலையும் செய்யும் குளறுபடியைத் தானே திருத்திக்கொள்ளும்.

உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போன் செய்தால் பின்னால் ஒரு சத்தமும் கேட்பதில்லை. அம்மாவிடம் விசாரித்தால், "அப்பா நல்லாத்தான் இருக்கார், வெளிய போயிருக்கார்." உங்களிடம் விசாரித்தால், "அம்மா நல்லாத்தான் இருக்கா." எப்போது கேட்டாலும் இதே பல்லவி. மனசுக்குள் ஏதோ இடிக்கிறது அப்பா. நீங்கள் இரண்டு பேரும் அந்த ஹாலில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது சேர்ந்து கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான், ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கு.

அன்பு மகள்,
சுண்டு


மார்ச் 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

இத்தோடு நிறுத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நீ திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாய் என்பதால் தொடர்கிறேன். வழக்கம்போலக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து மங்கலாக இருந்தால் பெரிசாக்கிப் படி.

எனக்கு எதற்கம்மா இவ்வளவு ஆடம்பரம்? சரி, அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாய். நீ அனுப்பிய மூன்று விளக்கப் புத்தகங்களையும் படித்தேன். ஆயுசெல்லாம் நிலம் அளந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவர்களுக்கு அளவு எழுதத் தெரியவில்லை. ஒல்லிக்கு "இருநூறு வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கா, நாலு ஓம் ஸ்பீக்கருக்கா? ஒரு பக்கம் ஓடும்போதா, இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதா? ஒன்றையும் காணோம். எங்கிருந்து எதுவரை என்று எழுதாதது ஒரு அளவா? எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு வரைபடம் என் மேஜைக்கு வந்திருந்தால் வந்த வழியே திருப்பியிருப்பேன். தடியன் ஒருவன்தான் ஒழுங்காக எழுதியிருக்கிறான். அவன் மேல் எனக்கு மரியாதை. ஆனால் இருபத்து நாலு கிலோவை மாடிப்படியில் யார் தூக்குவது?

ஐம்பது வாட்ஸ் இருந்தால் எனக்குத் தாராளம். இன்னொன்று, ஹெட்ஃபோன் செருகும் துளை இவர்களில் யாருக்கு நன்றாக இருக்கிறது? அக்கம்பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள், நினைத்த நேரத்தில் அலறவிட முடியாது.

எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஒன்று கெட்டால் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். இதைப் படித்ததும் உனக்கு மறுபடி இடிக்கும். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

முழுப் பக்கம் எழுதியதற்கு நன்றி. அதில் முக்கால் பக்கம் கம்பெனிக்காரர்களைத் திட்டியிருக்கிறீர்கள் என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மாடிப்படியா? நம் வீட்டில் ஹால் கீழேதானே இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரை மாடிக்கு ஏற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? மாடியில் இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். ஐம்பது வாட்ஸும் சரிப்படாது. நம் ஸ்பீக்கர்கள் சோம்பேறிகள், ஹாலும் பெரிசு, நன்றாகத் தள்ளிவிட ஆள் வேண்டும். ஹெட்ஃபோன் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்கென்று நான் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் காதை மூடிக்கொள்ள வழி கேட்கிறீர்கள்.

மாப்பிள்ளையைத்தான் முடிவு செய்கிறேன். எட்டு ஓமில் எண்பது, நாலு ஓமில் நூற்றைம்பது, இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போது. நானே எங்கள் மேஜையில் அளந்து பார்த்தேன். உங்கள் மகளல்லவா. டிவியையும் இதிலேயே செருகிவிடலாம், அம்மாவின் தொடர்களுக்கும் ஆயிற்று.

அனுப்புவதற்கு முன் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எந்தச் சுவரோரம் வைப்பீர்கள், எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள், ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா? நாலு வரி போதும்.

அம்மா முழங்கால் வலி என்றாள். டாக்டரிடம் அழைத்துப்போனீர்களா?

சுண்டு


மார்ச் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

விவரம் கேட்டாய். டேப் எடுத்து அளந்தேன்.

நீளம் பதினொரு அடி நாலு அங்குலம். அகலம் ஒன்பது அடி இரண்டு அங்குலம், ஜன்னல் பக்கம் ஒரு அங்குலம் குறைகிறது. கட்டினவன் மூலைமட்டம் வைக்கவில்லை. உயரம் எட்டு அடி ஏழு. ஜன்னல் ஒன்று, மூன்றுக்கு நாலு, மெல்லிய திரை. தரை சிமென்ட், விரிப்பு கிடையாது. கதவுக்கு எதிர்ச்சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது, பதினாறு அங்குல ஆழம். மாப்பிள்ளை பதினேழரை என்று போட்டிருப்பதால் முன்பக்கம் ஒன்றரை அங்குலம் துருத்தும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஐந்தடிதான் கிடைக்கும். உட்காரும் இடம் கட்டிலின் விளிம்பு. அங்கிருந்து சுவர் ஆறு அடி பத்து அங்குலம்.

இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

அப்பா


மார்ச் 21

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எண்களை எங்கள் கணக்கில் போட்டுக்கொண்டே போனேன், சந்தேகம் வரவில்லை. கட்டில் என்று வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

நம் ஹால் பதினெட்டரைக்குப் பதிமூன்று. அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டது நீங்கள். பள்ளிக்கூடத்தில் "உன் வீட்டை வரை" என்று சொன்னபோது அதைப் பார்த்துத்தான் நான் வரைந்தேன். ஜன்னலை அரை அங்குலம் தள்ளிப் போட்டதற்கு அழித்து வரையச் சொன்னீர்கள். நம் ஹாலில் நாலு ஜன்னல். தரையில் கல் பதித்திருக்கிறது. கட்டில் என்றைக்கும் கிடையாது.

"அம்மா நல்லா இருக்கா" என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவீர்கள். ஆனால் ஒரு அறையின் நீளத்தைத் தப்பாக எழுத உங்களுக்குக் கை வராது. அது எனக்குத் தெரியும்.

எங்கே இருக்கிறீர்கள்? எவ்வளவு நாளாக? அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் உங்களிடமிருந்து வரட்டும்.

சுண்டு


மார்ச் 29

அன்புள்ள சுண்டுவுக்கு,

நம் ஹாலின் அளவையே எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எனக்கென்ன அது தெரியாதா? ஆனால் நான் நிற்காத இடத்தின் அளவை எழுதிக் கீழே பெயர் போட்டுப் பழக்கமில்லை. டேப்பில் விழுந்ததை எழுதினேன். நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் எழுதினேனா என்று கேட்டால், இருக்கலாம்.

உன் போன பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் இங்கே வந்தேன். ஒரு தையல் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறார். வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். ஹெட்ஃபோன் கேட்டது அதற்காகத்தான்.

என்ன சண்டை என்று கேட்பாய். சண்டையே இல்லை. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டுமே. நினைத்துப் பார், உனக்குப் பேச்சு வந்த நாள் முதல் நாங்கள் உன் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு." "சாவி எங்கன்னு உங்கம்மாகிட்ட கேளு." ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டுதான் இதெல்லாம். நீ இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்வாய், உனக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அது பழகிப்போயிற்று.

நீ வெளியூர் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் மத்தியானம் நான் பக்கத்து அறையில் இருந்தேன். அம்மா தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சுண்டு, அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்றாள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போகலாமா, என்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. சாப்பாடு அப்படியே ஆறிப்போயிற்று. சொல்ல ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் இருவருக்கும் உறைத்தது.

அப்புறமும் கொஞ்ச நாள் ஓட்டினோம். ஒருநாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகிறேன் என்று நான் சொல்லவில்லை, போகாதீர்கள் என்று அவளும் சொல்லவில்லை.

உன்னிடம் மறைப்பது யார் யோசனை என்று கேட்காதே. அதையும் நாங்கள் பேசவில்லை. நீ கேட்டபோது அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன், இரண்டும் பொருந்திவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம்.

முழங்கால் வலி நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இப்போது கோபம் மட்டும் இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையை வாங்கிவிட்டேன். நம் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் தையல் கடை மாடிக்கு அனுப்பவில்லை. இம்மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கே போய் அதைப் பொருத்துகிறீர்கள். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்: "ஞாயித்துக்கிழம அப்பா வருவார்." "சரி" என்றாள். பாருங்கள், கடைசியில் மறுபடியும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருத்தியதும் மைக்கை வைத்து ஹாலை அளக்க வேண்டும். சோபாவைச் சுற்றி ஒன்பது இடம். மைக்குக்கு ஒரு ஸ்டாண்டு உண்டு, அதை நான் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஒருவர் மைக்கைப் பிடிக்க வேண்டும், மற்றவர் போனில் பொத்தானைத் தட்ட வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது என்று விளக்கப் புத்தகத்தில் எழுதியிருக்கும். சர்வீஸ்காரி நான் சொல்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

இது சூழ்ச்சிதான், ஒத்துக்கொள்கிறேன். அளந்து முடித்து, ஒரு பாட்டு வைத்து, முடிகிற வரை இரண்டு பேரும் எழுந்திருக்காமல் உட்காருங்கள். நீங்கள் சேர்ந்து இருக்க வேண்டும் அப்பா. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, எனக்கு வேண்டும்.

சுண்டு


மே 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

போனேன். என் வீட்டு அழைப்புமணியை நானே அடித்தேன். அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பெட்டியை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். உன் மாப்பிள்ளையும் லேசுப்பட்டவன் இல்லை. ஸ்பீக்கர் ஒயர்களைத் துடைத்து முடுக்கினேன், டிவியைச் செருகினேன், வீட்டு இணையத்தில் சேர்த்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டபோது கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு மைக். அம்மா கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு சோபா பக்கம் நின்றாள். நான் போனைத் தட்டினேன். "அறையில் அமைதி காக்கவும்" என்று வந்தது. அமைதி காப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? ஸ்பீக்கரில் அடி சுருதியிலிருந்து உச்சிக்கு ஊய்யென்று ஒரு சத்தம் ஏறியது. நாலாவது இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இரைச்சல் அதிகம், மீண்டும் அளக்கவும்" என்றது போன். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். மறுபடி தட்டினால் மறுபடி சிரிப்பு. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஐந்து தடவை ஆயிற்று. திரும்பி வந்துவிடலாமா என்று எனக்குக்கூடக் கொஞ்சம் ஆசை வந்தது, மறைப்பானேன்.

அளந்து முடித்து ஒரு பாட்டு வைத்தேன். அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. அந்த ஹாலில் பாட்டு அவ்வளவு தெளிவாக என்றைக்கும் கேட்டதில்லை. முடிகிற வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. நீ கேட்டது நடந்துவிட்டது, அதை முதலில் தெரிந்துகொள்.

பாட்டு நின்றதும் அம்மா, "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள். போன் மேஜைமேல் கிடந்தது, அதில் நீ இல்லை. என்னிடம்தான் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீங்க திரும்பி வர வேணாம். கோவத்துல சொல்லல. இப்ப இந்த வீட்ல யாரும் பேசல, ஏன்னா யாரும் இல்ல. அது எனக்கு வலிக்கல. நீங்க இருந்தும் பேசாம இருந்தீங்களே, நானும் அப்படியே இருந்தேனே, அதுதான் தாங்க முடியல. பொண்ணுக்காக வந்து உக்காந்தா கொஞ்ச நாள்ல மறுபடியும் அப்படித்தான் ஆவோம். இன்னொரு தடவ என்னால முடியாது."

இவ்வளவு நீளமாக, முகத்தைப் பார்த்து, என்னிடமே அவள் பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதில் தள்ளுபடி செய்ய ஒரு வார்த்தை இல்லை. "சரி" என்றேன்.

"அவகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

அதனால் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை அங்கேயே இருக்கட்டும். அந்த ஹாலைக் கேட்டுத் திருந்தினவன், என் அறைக்குக் கொண்டுவந்தால் உளறுவான். ரேடியோ வைப்பது எப்படி, டிவிக்கு எப்படி மாற்றுவது என்று காட்டிக்கொடுத்தேன். முழங்காலுக்கு டாக்டரிடம் போய்விட்டாளாம், மாத்திரை சாப்பிடுகிறாளாம். இதையும் நேராக அவளிடம்தான் கேட்டேன்.

எனக்கு வருத்தம்தான். இல்லை என்று எழுத மாட்டேன்.

அப்பா


மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியதெல்லாம் உங்களைத் திட்டுவதாகவே வந்தது, கிழித்துப் போட்டேன். அம்மாவுக்குத் தனியாக எழுதினேன். அவளையும் கொஞ்சம் திட்டினேன்.

நல்ல எண்ணத்தில்தான் அந்த ஸ்டாண்டை எடுத்து வைத்தேன். அது இன்னும் என் மேஜையில் கிடக்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை. நான் அனுப்பாமல் இருந்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இதைப் பேசியே இருக்க மாட்டீர்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பேசியது நல்லதுதான் என்று மறுநாள் தோன்றுகிறது. எனக்கு எதுவும் நிலையாக இல்லை.

அம்மா சொன்னது நியாயம். புத்திக்குத் தெரிகிறது. ஆனால் இங்கே வேலையில் ஏதாவது தாங்க முடியாமல் போகும்போதெல்லாம் கண்ணை மூடி உங்கள் இருவரையும் அந்த ஹாலில் உட்காரவைத்துப் பார்ப்பேன். நீங்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை, இருந்தீர்கள். இனிமேல் அது கிடையாது. உங்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கலாம், எனக்கு வீடு போய்விட்டது. உங்கள்மேல் பழி போடவில்லை. வலிக்கிறது, அதைச் சொல்லாமல் இருந்தால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன்.

லீவு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். முதலில் யார் வீட்டுக்கு, யாரிடம் எத்தனை நாள், அழைத்துப்போக யார் வருவது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று போனில் அம்மாவிடம் அதைக் கேட்டேன். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றாள்.

நான் கேட்கவில்லை அப்பா. அவள் நம்பர் உங்களிடம் இருக்கிறது. கூப்பிட்டுப் பேசுங்கள்.

உங்கள் மகள்,
சுண்டு